வாசல் தாண்டாத ஜெனறேற்றர்

மருதமுனையில் சுபைறா என்று கேட்டால் எந்தச் சுபைறா என்பார்கள். லைட் மெசின் சுபைறா என்று சொல்லிப் பாருங்கள், ரோட்டில் பந்தடிக்கிற பிள்ளையும் விளையாட்டை விட்டுவிட்டு வந்து வீட்டைக் காட்டும். அவளைக் கட்டின மாப்பிள்ளை ஸைனுலாப்தீன் கலியாண வீட்டுக்கும் கந்தூரிக்கும் லைட் போட்ட மனிசன். ஒரு பழைய ஜெனறேற்றர், ஒரு சாக்கு வயர், ஒரு பெட்டி பல்ப், அவ்வளவும்தான் அவர்களின் சொத்து. அந்த வீட்டுக்கு வயலும் அதுதான், தோணியும் அதுதான்.

சுனாமி வந்த காலை கடல் வீட்டைக் கொண்டுபோனது, கிணற்றை மூடியது, மெசினையும் இழுத்துக்கொண்டு போனது. தண்ணீர் வடிந்த பிறகு தோணா வாய்க்காலுக்குள் சேற்றில் ஒரு கைபிடி மட்டும் வெளியே தெரிந்தது. கண்டவள் சுபைறாதான். இடுப்பளவு சேற்றில் இறங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஆட்கள் வந்து தூக்கும்வரை கையை விடவில்லை. அகதி முகாமுக்கு உதவி கொண்டுவந்தவர்கள் பார்த்துவிட்டு, இதை எறியுங்கள், புதுசு தருவோம் என்றார்கள். புதுசும் வந்தது, போட்டோவும் பிடித்தார்கள், பிறகு அந்தப் புதுசு வேறு முகாமுக்கு ஏறிப் போனது. சுபைறா பழையதைத்தான் கழற்றினாள். ஸைனுலாப்தீனுக்குக் கண் மங்கல், கிட்ட இருக்கிற சாமான் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல இவள் ஒவ்வொன்றாய்க் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, சோற்றுத் தட்டில் வரிசையாய் வைத்தாள். அது திரும்பவும் ஓடியது. முகாமில் முதல் கலியாணம் அந்த வெளிச்சத்தில்தான் நடந்தது.

இவ்வளவும் எதற்குச் சொல்லுகிறதென்றால், அவள் அந்த மெசினை ஏன் விடமாட்டேன் என்றாள் என்பது விளங்கவேண்டும்.

முகாமை விட்டு வீடும் கட்டி வந்தார்கள். சண்டை முடிகிற வருசம் ஸைனுலாப்தீன் படுக்கையில் விழுந்தார். அவர் விழ முந்தியே மெசினுக்கும் ஒரு வருத்தம் வந்திருந்தது. பெற்றோல் விட்டால் நிற்காது, காபரேட்டரால் ஒழுகி நிலமெல்லாம் நனையும். கயிற்றை இழுத்தால் நனைந்த கோழி மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். படுக்கையில் கிடந்துகொண்டே அவர் காபரேட்டரைக் கொண்டுவரச் சொன்னார். தடவித் தடவிக் கழற்றி, உள்ளே இருந்த ஒரு பித்தளை ஊசியை எடுத்து இவளுடைய உள்ளங்கையில் வைத்தார். அரை விரல் நீளமும் இல்லாத சாமான்.

"இந்த ஊசிதான் பெற்றோலை மறிக்கிற கதவு, சுபைறா. உப்புத் தண்ணி திண்டு நுனி தேஞ்சிட்டு. இது ஒண்டுதான் குறை. வேற ஒரு குறையும் மெசினுக்கு இல்ல."

சொல்லி இரண்டு கிழமைக்குள் மௌத்தாகிவிட்டார்.

நம்மட ஆட்களுக்குத் தெரியும், மாப்பிள்ளை மௌத்தானால் பொண்டாட்டி இத்தா இருக்கவேணும். நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்தி வீட்டு வேலிக்குள்ளே இருக்கிறது. வாசல் தாண்டக்கூடாது, பிற ஆம்பிளைகளின் முகத்தில் முழிக்கக்கூடாது. சுபைறாவும் இருந்தாள். வெள்ளை உடுத்த நேரம் முந்தானையில் அந்த ஊசியை முடிந்து வைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஏழாம் நாள் கத்தம் ஓதி முடிந்ததும் ஸைனுலாப்தீனின் காக்கா, கூடப் பிறந்த மூத்தவர் ஆதம்பாவா, திரைச்சீலைக்கு வெளியே கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். பந்தலும் கதிரையும் வாடகைக்கு விடுகிறவர். போன வருசம் புதுசாய் ஒரு சீனா ஜெனறேற்றரும் எடுத்திருந்தார். கெட்ட மனிசன் என்று சொல்ல ஏலாது. மௌத்து வீட்டுக்கு அரிசி மூட்டை இறக்கினதும் அவர்தான். ஆனால் ஊரில் லைட் போட ஒரு மெசின்தான் இருக்கவேணும், அது தன்னுடையதாக இருக்கவேணும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது.

"சுபைறா, அந்தப் பழைய மெசினை இரும்புக்குப் போடுவம். தம்பிக்கு ஆம்பிளப் பிள்ளை இல்ல, அதில எனக்கும் பங்கிரிக்கி. உனக்கு ஏன் கரைச்சல்?"

"ஓடுற மெசினை ஆரும் இரும்புக்குப் போடுவாங்களா மச்சான்?"

ஆதம்பாவா சிரித்தார். பக்கத்தில் கத்தம் ஓத வந்த லெப்பையும் இருந்தார்.

"ஓடுற மெசினா? கேட்டீங்களா லெப்பை? அது ஓடினா நீயே வெச்சிக்க. என்ட பங்கையும் சேத்து வெச்சிக்க. நாப்பதாம் கத்தத்தண்டு ஓட்டிக் காட்டு, பாப்பம். ஓடாட்டி அடுத்த நாள் இரும்புக்காரன் வருவான்."

திரைக்கு உள்ளே சுபைறாவோடு பக்கத்து வீட்டு றஹீமா இருந்தாள். சுபைறா வேண்டுமென்றே குரலை உயர்த்தினாள். "கேட்டயாகா றஹீமா, மச்சான் சொன்னத்த?"

"எனக்கு ரெண்டு காதும் நல்லாக் கேக்கும் ராத்தா."

லெப்பை தாடியைத் தடவிக்கொண்டு எழும்பிப் போனார். ஆனால் அவரும் கேட்டவர்தான்.

ரோட்டுக் கராஜில் ஒரு மெக்கானிக் பாஸ் இருந்தார். சுபைறாவின் மகள் றிஸ்லா போய்க் கேட்டாள். மெசினைக் கொண்டுவாங்க, பார்ப்போம் என்றார் பாஸ். சுபைறா ஒரே சொல்லில் மறுத்தாள். "மெசின் வாசலைத் தாண்டாது. நானும் தாண்டேலா, அதுவும் தாண்டப்படாது. ரோட்டில உங்கட பெரியவாப்பாட லொறி நிக்கி. அதில ஏறினா அது திரும்பி வராது. சாமான்தான் மெசினைத் தேடி வரணும்."

அதற்குள் ஊசிக் கதையைக் கராஜில் கேட்டறிந்து ஆதம்பாவாவே ஒருநாள் நல்லவர் மாதிரி வந்தார். "அந்த ஊசியத் தா, கல்முனைக் கடையெல்லாம் கேட்டுப் பாக்கிறன்" என்றார். சுபைறா யோசித்தாள். கேட்டு வந்தால் நல்லதுதானே என்று றிஸ்லாவின் கையில் கொடுத்து அனுப்பினாள். பின்னேரம் ஆதம்பாவா வெறுங்கையோடு வந்தார்.

"அந்தச் சாமான் இப்ப வாறல்லயாம். ஒரு கடையிலயும் இல்ல."

"பழைய ஊசி எங்க மச்சான்?"

"அது என்னத்துக்கு? எங்கேயோ விழுந்திட்டு."

சுபைறா திரைக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையை அடக்க இல்லை, ஏசாமல் இருக்கத்தான். இத்தாவில் இருந்துகொண்டு ஏசினால் மாப்பிள்ளைக்குப் பாவம் சேருமோ என்று ஒரு பயம். அவர் போன பிறகு றிஸ்லாவிடம் சொன்னாள். "விழுந்திட்டாம்! அவர்ர சட்டைப் பை ஓட்டையெண்டா அவர்ர காசும் விழுந்திருக்கணுமே. அது விழல்லயே."

ஊசி போனது, அளவும் போனது. இனி என்ன அளவைச் சொல்லித் தேடுகிறது? காபரேட்டரைக் கொடுத்தனுப்பினால் அதுவும் எங்கேயாவது விழுந்துவிடும்.

சுபைறா குசினிக்குப் போனாள். இடியப்பத்துக்கு அவித்த மா ஒரு பிடி எடுத்து இறுக்கமாய்ப் பிசைந்தாள். காபரேட்டருக்குள் ஊசி வந்து இருக்கிற ஓட்டையில் மாவை அமத்தி, மெல்லமாய் உருவினாள். அச்சு அப்படியே வந்தது. வெயிலில் காயவைத்து, பஞ்சில் சுற்றி, சம்மாந்துறைக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போன றஹீமாவின் கையில் கொடுத்தாள். அங்கே வயலும் ட்ரக்டரும் நிறைந்த ஊர், மருந்தடிக்கிற மெசின் சாமானெல்லாம் விற்கிற கடைகள் இருக்கும்.

றஹீமா அடுத்த நாள் சிரித்துக்கொண்டே வந்தாள். "ராத்தா, கடைக்காரன் கேக்கிறான், இது என்னகா, பலகாரமா எண்டு! கையில வாங்கி மணந்தும் பாத்தான். கடிக்க முந்தி நான் பறிச்சிட்டன்."

"ஊசி கிடைச்சிச்சா?"

"கிடைச்சிச்சி. மாவுக்குச் சரியா இரிக்கி."

மாவுக்குச் சரியாய்த்தான் இருந்தது. மெசினுக்குச் சரியில்லை. போட்டுப் பார்த்தால் லொடலொட என்று ஆடியது. பெற்றோல் முன்னையை விடக் கூடவாய் ஒழுகியது. சுபைறா அந்தக் காய்ந்த மாவைத் திரும்ப ஓட்டையில் வைத்துப் பார்த்தாள். அதுவும் ஆடியது. அப்போதுதான் விளங்கியது. மா காய்ந்தால் ஒடுங்கும். வருசக்கணக்காய் இடியப்பம் அவிக்கிறவளுக்கு இது தெரியாத விசயமா? தெரியும். ஆனால் இரும்பைப் பற்றி யோசிக்கிற நேரம் மாவைப் பற்றி யோசிக்க மறந்துபோனாள்.

"இனி என்ன ராத்தா செய்யிற?" என்றாள் றஹீமா.

"ஒடுங்காத சாமானில செய்யிற."

வேலியில் கட்டியிருந்த பாக்குமரச் சிலாகையில் ஒரு சிம்பு உடைத்தாள். முற்றின பாக்குமரம் இரும்பு மாதிரி, காய்வதுமில்லை ஒடுங்குவதுமில்லை. பிளேட்டால் சீவிச் சீவி, ஓட்டையில் வைத்து வைத்துப் பார்த்தாள். பெற்றோல் வருகிற குழாயில் வாயை வைத்து ஊதுவாள். காற்றுப் போனால் இன்னும் சரியில்லை, திரும்பச் சீவுவாள். விரலெல்லாம் கீறல், வெள்ளைச் சேலையெல்லாம் கறுப்பு.

றஹீமா மூக்கைச் சுழித்தாள். "இத்தாவில மணம் பூசப்படாது எண்டு சொல்லுவாங்க ராத்தா. பெற்றோல் மணமும் அதில சேருமா?"

"லெப்பைட்டக் கேட்டுட்டு வா. நீ வாறதுக்குள்ள நான் சீவி முடிச்சிருவன்."

கடைசியில் ஒரு சிம்பு அசையாமல் இருந்தது. ஊதினால் காற்றுப் போகவில்லை. அளவு கைக்கு வந்துவிட்டது. ஆனால் மரத்தை வைத்துப் பெற்றோலை மறிக்க ஏலாதே. அளவுக்கு ஏற்ற பித்தளை வேணும். றிஸ்லா கல்முனை முழுக்கவும் சம்மாந்துறைக் கடைகளிலும் அந்தச் சிம்பைக் கொண்டு அலைந்தாள். ஆதம்பாவா சொன்னதில் அது மட்டும் பொய்யில்லை. ஒரு கடையிலும் அந்தச் சாமான் இல்லை.

நாற்பதாம் கத்தம் கிட்டி வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்னது. ரோட்டில் வெடி கொளுத்தினார்கள்.

அன்று பக்கத்துத் தமிழ் ஊரான பெரியநீலாவணையிலிருந்து அன்னப்பிள்ளை வந்தாள். வாடிக்கையாய் மீன் கூடையோடு பின் வேலியால் வருகிறவள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆளையாள் பார்க்காத காலத்திலும் அவள் வராமல் விட்டதில்லை. அன்று கூடை இல்லை. வந்து குசினி நிலத்தில் குந்தினாள்.

"மீன் எங்க அக்கா?" என்று றிஸ்லா கேட்டாள்.

"கடலுக்கு ஆரும் போகல்ல. எனக்கு வீட்டில இருக்கேலாமக் கிடந்திச்சு." அன்னப்பிள்ளையின் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தது சண்டை நடந்த வன்னிப் பக்கம். தை மாதத்துக்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. "எல்லாரும் வெடி கொளுத்துறாங்க புள்ள. என்ட தங்கச்சி இருக்காளா இல்லையா எண்டு கேக்க எனக்கு ஒரு இடமில்ல."

சுபைறா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள்.  "வெடிச்சத்தம் ஓயும்வரை இஞ்சயே இரி அக்கா. போகாத" என்று மட்டும் சொன்னாள். அன்னப்பிள்ளை தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். அப்போது அவளுடைய கண் அடுப்பங்கல்லில் கிடந்த மரச்சிம்பில் விழுந்தது.

"இதென்ன, பல்லுக்குத்தியா?"

சுபைறா எல்லாவற்றையும் சொன்னாள். ஆதம்பாவா சொன்னது, ஊசியை விழுத்தியது, மா ஒடுங்கியது. அன்னப்பிள்ளை சிம்பை எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்தாள். பிறகு வெற்றிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினாள்.

"எங்க கொண்டுபோறாய்?"

"நீ கேளாத."

அன்னப்பிள்ளையின் வீட்டில் தென்னங்கிடுகால் மூடி ஒரு தோணி இஞ்சின் கிடந்தது. மகன் தினேஸின் இஞ்சின். சுனாமியன்று கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவன் அவன். இஞ்சின் கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. விலைக்குக் கேட்டு எத்தனையோ பேர் வந்தார்கள். சாமானுக்காவது கழற்றித் தாவென்றும் கேட்டார்கள். அவள் ஒருத்தரையும் கிடுகைத் தூக்க விடவில்லை. வந்தவர்களில் ஒருவருக்கு விளக்குமாற்றாலும் கொடுத்திருக்கிறாள்.

நாற்பதாம் கத்தத்துக்கு முந்தின நாள் காலை மீன் கூடையோடு வந்தாள். சந்தியில் ஆமிக்காரன் கூடையைக் கிளறினான், வெற்றிலைப் பையையும் திறக்கச் சொன்னான். பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு டப்பா. அதற்கு நடுவில் கிடந்த பித்தளையைப் பாக்குவெட்டியின் ஆணி என்று நினைத்தானோ என்னவோ, போ என்றான்.

சுபைறாவின் உள்ளங்கையில் அதை வைத்தாள். ஒரு ஊசி. நுனி மழுங்காத ஊசி.

"அக்கா, இது தினேஸ்ட இஞ்சினில உள்ளதா?"

"ஓம்."

"எனக்கு வேணாம் அக்கா. நீ ஒருத்தருக்கும் குடுக்காததை நான் எப்பிடி..."

"வாயைப் பொத்து. கேட்டு வந்தவனெல்லாம் விக்கக் கேட்டான். நீ ஓட்டத்தானே கேட்டாய்? முழு இஞ்சினை நான் ஒருத்தனுக்கும் குடுக்க மாட்டன். அது கிடக்கட்டும். இது ஓடட்டும்."

நுனி மரச்சிம்புக்கு அச்சொட்டாய் இருந்தது. வால்தான் கொஞ்சம் நீளம். சுபைறா கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து சீமெந்தில் உரைத்தாள். உரைத்து, போட்டு, ஊதிப் பார்த்து, திரும்ப உரைத்தாள். காற்று நின்றதும் பூட்டினாள். பெற்றோல் விட்டு, கீழே ஒரு பேப்பரை விரித்துவைத்துவிட்டு லுஹர் தொழப் போனாள். தொழுதுவிட்டு வந்து பார்த்தாள். பேப்பர் நனையவில்லை.

"ஓட்டிப் பாருங்க உம்மா" என்றாள் றிஸ்லா.

"வேணாம். சத்தம் பெரியவாப்பாட காதுக்குப் போனா சொன்ன சொல்லை மாத்திருவார். சொன்னவர் முன்னாலதான் ஓடணும்."

அடுத்த நாள் பொழுதுபட்டு மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு கத்தம். ஆதம்பாவா பந்தலும் போட்டு, தன்னுடைய சீனா மெசினை வாசலில் இறக்கி, ரியூப் லைட்டெல்லாம் கட்டினார். றிஸ்லா அதற்கு நடுவே ஏணி வைத்து ஏறி வாப்பாவின் பழைய பல்புகளைக் கட்டினாள். "எரியாத பல்ப் என்னத்துக்கு மகள், அழகுக்கா?" என்றார் ஆதம்பாவா. அவள் கீழே பார்க்கவே இல்லை.

ஓதி முடிந்து, துஆ முடிந்து, சோற்றுச் சகன் தட்டுகள் வைக்க ஆயத்தமாகும் நேரம் ஆதம்பாவா சபையெல்லாம் கேட்கிற மாதிரிச் சொன்னார். "லெப்பை, அந்தப் பழைய மெசினுக்கு நாளைக்குக் காலையில இரும்புக்காரன் வாறான். எல்லாரும் அறிஞ்சிக்கங்க."

குசினிக்குப் பின்னால் சாய்ப்புக் கொட்டிலுக்குள் சுபைறா காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். பிஸ்மி சொல்லிக் கயிற்றை இழுத்தாள். ஒன்றுமில்லை. திரும்ப இழுத்தாள். மெசின் இருமியது, நின்றது. பந்தலில் யாரோ சிரித்தார்கள். "கிழவனுக்குச் சளி" என்று ஒரு குரல். றஹீமா கண்ணை மூடிக்கொண்டு ஓதத் தொடங்கினாள்.

"ஓதினது காணும், டோர்ச் லைட்டைப் பிடிகா" என்று சொல்லிவிட்டுச் சுபைறா குனிந்து பார்த்தாள். காற்றை மறிக்கிற சோக் திறந்து கிடந்தது. ஆறப்போட்ட மெசினைச் சோக்கை மூடாமல் இழுத்தால் எப்படி எழும்பும்? மூடினாள். சேலையை இடுப்பில் செருகினாள். காலை ஊன்றி இழுத்தாள்.

அது கத்திக்கொண்டு எழும்பியது. சாய்ப்புத் தகரமெல்லாம் அதிர்ந்தது. பந்தலில் றிஸ்லா கட்டின மஞ்சள் பல்புகள் ஒன்று மிச்சமில்லாமல் எரிந்தன.

சிரித்தவர்கள் வாயை மூடினார்கள். ஆதம்பாவா கொஞ்சநேரம் மேலே பார்த்தார். "இது ஒரு நிமிசம் ஓடும். இப்ப நிண்டிரும்" என்றார்.

சுபைறா திரைச்சீலை வரைக்கும் வந்தாள். முகம் தெரியவில்லை, குரல் தெரிந்தது.

"மச்சான், உங்கட லைட்டை நிப்பாட்டுங்க. சனம் நம்மட வெளிச்சத்தில சாப்பிடட்டும். சாப்பிட்டுக் கை கழுவ முந்தி நிண்டா நாளைக்கு நானே இரும்புக்காரனுக்குக் கதவு திறந்து விடுறன்."

 ஆதம்பாவா லெப்பையின் பக்கம் திரும்பினார். "இத்தாவில இருக்கிற பொம்பிளைக்கு இந்த வேலையெல்லாம் தேவையா லெப்பை? நீங்களே சொல்லுங்க" என்றார்.

லெப்பை தாடியைத் தடவினார். "அவ வாசல் தாண்டினாவா?"

"இல்ல."

"மெசின் தாண்டிச்சா?"

"இல்ல."

"அப்ப என்ன குறை? நீங்க சொன்ன சொல் என்ட காதிலயும் விழுந்ததுதான். சோறு ஆறுது, லைட்டை நிப்பாட்டுங்க."

ஆதம்பாவா எழும்பிப் போய்ச் சீனா மெசினை நிறுத்தினார். வெள்ளை வெளிச்சம் போனது, மஞ்சள் நின்றது. சகனைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஆறுதலாய்ச் சாப்பிட்டார்கள். சில பேர் வேண்டுமென்றே இன்னொருக்காச் சோறு கேட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவி, வட்டிலப்பமும் தின்று, வெற்றிலையும் போட்டுப் போனார்கள். மெசின் நிற்கவில்லை. சுபைறா கையால் நிறுத்தின பிறகுதான் நின்றது.

அன்னப்பிள்ளையின் பங்கு சோற்றை வாழையிலையில் கட்டி வைத்திருந்தாள். அடுத்த நாள் வந்து வாங்கிக்கொண்டு, "ஓடிச்சாமே" என்று மட்டும் கேட்டாள். "ஓடிச்சு அக்கா."

இத்தா முடிந்து, நோன்பும் போய், பெருநாளும் கழிந்த பிறகு ஆதம்பாவா வந்தார். ஒரே நாளில் இரண்டு கலியாணம், தன்னுடைய மெசின் ஒன்றுக்குத்தான் காணும். அதில் ஒன்று அவருடைய பேத்தியின் கலியாணம். கதவடியில் நின்று தொண்டையைச் செருமினார்.

"மெசினைத் தா சுபைறா. பத்திரமாக் கொண்டுவந்து தாறன்."

"மெசின் தனியப் போகாது மச்சான். நானும் வருவன். நான்தான் இழுப்பன், நான்தான் நிப்பாட்டுவன்."

"பொம்பிளையா? கலியாணப் பந்தலிலயா?"

"ஓம், பொம்பிளைதான். ஏலாட்டி இருட்டில கலியாணம் செய்ங்க."

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு, லேன்ட் மாஸ்டர் ட்ரக்டரின் பெட்டியில் ஏற்ற ஆளனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏற்றினார்கள். சுபைறா கறுப்பு அபாயாவைப் போட்டுக்கொண்டு, பெட்டிக்குள் மெசினுக்குப் பக்கத்தில் பலகை வைத்து உட்கார்ந்து, கைபிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். சேற்றில் நின்று பிடித்த அதே கைபிடி. மாப்பிள்ளை போன பிறகு அவள் வாசல் தாண்டியது அன்றுதான். ரோட்டில் சனம் பார்த்தது. பார்க்கட்டும் என்று நிமிர்ந்து இருந்தாள்.

சந்தியில் மீன் கூடையோடு அன்னப்பிள்ளை எதிரே வந்தாள். ஒதுங்கி நின்று கையைக் காட்டினாள்.

"எப்பிடி புள்ள, ஒழுகுதா?"

"ஒரு சொட்டு ஒழுகல்ல அக்கா!" என்று சுபைறா ரோடெல்லாம் கேட்கக் கத்தினாள்.